பாடுகளின் நடுவே மகிழ்ச்சி

துன்பத்தில் மகிழச் சொல்லும் புதிய ஏற்பாட்டு வசனங்கள் பெரும்பாலும் துன்பத்துக்குள் இருந்தவர்கள் சொன்னவை. பிலிப்பி பட்டணத்துச் சபைக்குப் பவுல் எழுதிய நான்கே அதிகாரக் கடிதம் காவலில் இருந்தபடி எழுதியது. மகிழ்ச்சி என்ற பேச்சு அவருடைய வேறெந்தக் கடிதத்திலும் இத்தனை நெருக்கமாகத் திரும்பத் திரும்ப வருவதில்லை. அப்போஸ்தலர் நடபடிகளின் ஐந்தாம் அதிகாரத்தில் அடிபட்ட சீடர்கள் ஆலோசனைச் சங்கத்திலிருந்து மகிழ்ச்சியோடு வெளியே வருகிறார்கள். யாக்கோபும் பேதுருவும் எழுதிய நிருபங்கள் சிதறிப்போன, நெருக்கடிக்குள் வாழ்ந்த மக்களுக்குப் போனவை. இந்த வசனங்களைச் சுற்றி ஒரு சங்கடம் நீங்காமலே இருந்துவருகிறது. சங்கிலியோடு இருந்தவர் சொன்ன ஒரு வரி, குளிரூட்டிய ஆலயத்தில், உடம்புக்கு ஒரு குறையுமில்லாத ஒருவர் வாயால், அந்த வாரம்தான் மருத்துவர் கைவிரித்த நோயோடு பின் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணுக்குச் சொல்லப்படும்போது அது அதே வரிதானா? எழுத்து மாறவில்லை. ஆனால் முதலில் அது ஒரு மனிதர் தம் நிலையைப் பற்றிச் சொன்ன செய்தி. இப்போது அது இன்னொருவர் மேல் சுமத்தப்படும் கடமை. மகிழ முடியவில்லை என்றால் விசுவாசம் போதவில்லை என்ற தீர்ப்பும் சொல்லப்படாமலே அதோடு வந்து சேர்கிறது.

பிலிப்பியர் கடிதத்தை நிதானமாகப் படிப்பவருக்கு அது அவ்வளவு எளிதாகக் கட்டளையாவதில்லை. அந்தக் கடிதமே ஒருவகையில் உதவி பெற்றுக்கொண்டதற்கான நன்றிக் கடிதம். பிலிப்பியர் திரட்டிய உதவியை எப்பாப்பிரோதீத்து என்பவர் சிறையிருந்த பவுலிடம் கொண்டுவந்தார். வந்த இடத்தில் நோயில் விழுந்து சாவின் விளிம்புவரை போனார். அவர் பிழைத்ததைக் குறிப்பிடும் பவுல், துக்கத்தின்மேல் துக்கம் தமக்கு வராதபடி தேவன் இரங்கினார் என்ற கருத்தில் எழுதுகிறார். நண்பன் செத்திருந்தால் அதையும் மகிழ்ச்சியென்று ஏற்றிருப்பேன் என்று அவர் சொல்லவில்லை. மகிழும்படி கேட்டுக்கொள்ளப்பட்டவர்களோ, அவருடைய குறைவில் ஏற்கெனவே தங்கள் பணத்தைக் கொடுத்துப் பங்கெடுத்தவர்கள். ஆபகூக் தீர்க்கதரிசியின் புத்தகம் முடியும் இடமும் இப்படித்தான். துளிர்க்காத அத்திமரம், காய்க்காத திராட்சை, பொய்த்துப்போன ஒலிவ விளைச்சல், தானியம் தராத வயல், வெறுமையான தொழுவம் என்று இழப்புகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எண்ணி முடித்த பிறகே அவர் மகிழ்ச்சியைப் பற்றி வாய் திறக்கிறார். கெத்செமனேயில் இயேசு அந்தப் பாத்திரம் தம்மை விட்டு நீங்க வேண்டும் என்றே முதலில் வேண்டினார். லாசருவின் கல்லறைக்குப் போகும் வழியில் அழுதார். துன்பம் தன்னளவில் நல்லது என்ற போதனை கிறிஸ்தவத்தின் மையத்தில் இல்லை. துன்பத்தின் நடுவே, அதைச் சாராத ஒன்று கிடைக்கக்கூடும் என்பதே அங்கிருக்கும் நம்பிக்கை. கிடைத்தே தீரும் என்று சொல்லத் தொடங்கும்போது போதனை தன் எல்லையைத் தாண்டிவிடுகிறது.

தமிழ்க் கிறிஸ்தவம் இந்த எல்லைக்குள் நின்ற காலம் நீண்டது. வீரமாமுனிவர் தேம்பாவணி பாடிய கையாலேயே மரியன்னையின் துயரத்துக்கென்று அன்னை அழுங்கல் அந்தாதியும் பாடினார். தேவசகாயம் பிள்ளையின் வரலாறும் ஒரு துயரக் கதையைக் கேட்பதிலிருந்துதான் தொடங்குகிறது. திருவிதாங்கூர் அரசுப் பணியிலிருந்த, பின்னர் தேவசகாயமான நீலகண்டன், கால்நடைகளை இழந்து மனமுடைந்திருந்த வேளையில், டச்சுப் படையிலிருந்து வந்து திருவிதாங்கூர் படைத்தலைவரான டிலனாய் அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னார் என்பது மரபு. 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம், 1749இல் கைது, 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காட்டாடிமலையில் துப்பாக்கிச் சூட்டில் மரணம். 2022 மே 15இல் ரோமாபுரி அவரைப் புனிதராக அறிவித்தது. அவருக்குச் சொல்லப்பட்ட யோபுவின் புத்தகத்தில் நாற்பத்திரண்டு அதிகாரங்கள். அவற்றில் பொறுமை காக்கும் யோபு முதல் இரண்டில் முடிந்துவிடுகிறார். அதன்பின் பெரும்பகுதி முறையீடும், பிறந்த நாளைச் சபிப்பதும், கடவுளையே வழக்குக்கு இழுப்பதும்தான். ஆறுதல் சொல்ல வந்த நண்பர்கள் கடவுளின் பக்கம் நின்று அழகாகவே வாதாடுகிறார்கள். ஆனால் கடைசி அதிகாரத்தில் கடவுள், தம்மைப் பற்றிச் சரியாகப் பேசியவர் யோபுவே என்றும், அந்த நண்பர்கள் அல்ல என்றும் தீர்ப்பளிக்கிறார். பொறுமைக்கு உவமையாக யோபுவைச் சொல்லும் பழக்கம் இந்தத் தீர்ப்பைப் படிக்காமலே வளர்ந்துவிட்டது.

சிங்கப்பூரில் இந்த மரபு கடல் கடந்து வந்து பல இடங்களில் வேர் பிடித்தது. ஓஃபிர் சாலையில் 1888இல் திறக்கப்பட்ட லூர்து அன்னை ஆலயம் தமிழ்க் கத்தோலிக்கருக்கென்றே எழுந்தது. லிட்டில் இந்தியா எனப்படும் தேக்காவுக்குச் சற்றுத் தள்ளி ஷார்ட் வீதியில் தமிழ் மெதடிஸ்டுகளும், டார்செட் சாலையில் தமிழ் ஆங்கிலிக்கன்களும் கூடுகிறார்கள். தவக்கால வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப் பாதையின் பதினான்கு நிலைகளையும் சுற்றிவரும்போது முழங்கால் படியும் கல்தரையின் குளிர்ச்சி, புனித வெள்ளி மும்மணி ஆராதனையில் பாட்டுக்குப் பாட்டு கனத்துக்கொண்டே போகும் குரல், பகல் வெயிலில் வாடி வந்த மல்லிகையோடு மெழுகுத் திரி கலந்த மணம்: இவையெல்லாம் துன்பத்தை அவசரமாகத் தாண்டிப்போக விடாத ஏற்பாடுகள். உயிர்ப்பு ஞாயிறு வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் வெள்ளியை வெள்ளியாகவே இருக்க விடுகிறார்கள். சிங்கப்பூர் இந்த மரபைப் பெற்றுக்கொண்டதோடு நிற்கவில்லை. துன்பத்தின் நடுவே கிடைத்த மகிழ்ச்சியைப் பற்றி இருபதாம் நூற்றாண்டில் சொல்லப்பட்ட மிக நேர்மையான சாட்சிகளில் சிலவும் இந்தத் தீவிலிருந்தே வந்தன.

லெனார்டு வில்சன் 1941இல் சிங்கப்பூரின் ஆங்கிலிக்கன் பேராயரானார். 1942 பிப்ரவரியில் நகரம் ஜப்பானியரிடம் விழுந்த பிறகும், ஓகாவா என்ற ஜப்பானிய ஆங்கிலிக்கன் அதிகாரியின் தயவால் ஓராண்டு வரை அவர் வெளியில் இருந்து சபைப் பணி செய்ய முடிந்தது. 1943 மார்ச்சில் அவரும் சாங்கி சிறைக்குள் அடைக்கப்பட்டார். அந்த ஆண்டு செப்டம்பர் இறுதியில், மீன்பிடிப் படகு வேடத்தில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த நேச நாட்டுச் சிறு குழு ஒன்று சிங்கப்பூர்த் துறைமுகத்தில் ஏழு கப்பல்களைத் தாக்கியது. சிறைக்குள்ளிருந்த சிவிலியன்கள்தான் வானொலி வழியாகத் தகவல் கொடுத்தார்கள் என்று ஜப்பானிய இராணுவப் போலீசான கெம்பெய்த்தாய் நம்பியது. அக்டோபர் 10 அன்று சாங்கி சிறை சோதனையிடப்பட்டது. பிடித்துச் செல்லப்பட்ட 57 பேரில் 15 பேர் உயிரோடு திரும்பவில்லை. அவர்களுக்கும் கப்பல் தாக்குதலுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. வில்சனும் அந்த மாதமே பிடிபட்டார். ஆர்ச்சர்டு சாலை தொடங்கும் இடத்தில் இருந்த ஒய்எம்சிஏ கட்டடம் அப்போது கெம்பெய்த்தாயின் கிழக்கு மாவட்டக் கிளை. இன்று அங்கே நிற்பது 1980களில் எழுந்த வேறு கட்டடம். நினைவுக் கல் ஒன்று மட்டும் நடந்ததைச் சொல்கிறது. தோபி காட் எம்ஆர்டி நிலையத்திலிருந்து வெளியே வருகிறவர்கள் பெரும்பாலும் அதைக் கவனிக்காமலே நடந்துபோகிறார்கள். பேராயர் அங்கே மண்டியிட வைக்கப்பட்டார், மேசையோடு கட்டிச் சவுக்கால் அடிக்கப்பட்டார், சுயமாக நடக்க முடியாமல் அறைக்குத் தூக்கிச் செல்லப்பட்டார். அறையில் கைதிகளுக்கு இருந்த ஒரே தண்ணீர் கழிப்பறைத் தண்ணீர்.

1946 அக்டோபரில் பிபிசி வானொலியில் வில்சன் தம் அனுபவத்தைச் சொன்னார். அந்தப் பேச்சைப் பலர் பலவிதமாக மேற்கோள் காட்டுவதுண்டு. ஆனால் அதன் வரிசையைக் கவனிப்பது முக்கியம். அடிக்கிறவர்கள் அவரிடம், உன் கடவுள் ஏன் உன்னைக் காப்பாற்றவில்லை என்று கேட்டார்கள். காப்பாற்றுகிறார், வேதனையை நீக்கி அல்ல, அதைத் தாங்கும் வலிமையைக் கொடுத்து, என்பது அவர் சொன்ன பதிலின் சாரம். இங்கே மகிழ்ச்சி என்ற பேச்சே இல்லை. அறையின் பின்பக்கம் சின்னதாக ஒரு கம்பிச் சன்னல். அதன் வழியாக மாங்குயிலின் குரல் கேட்டது. மயில்கொன்றையின் சிவப்பு தெரிந்தது. மரங்களுக்குப் பின்னால் ஃபோர்ட் கேனிங் மேட்டில் இருக்கும் வெஸ்லி ஆலயத்தின் உச்சி தெரிந்தது. சார்லஸ் வெஸ்லி எழுதிய காலைப் பாட்டு ஒன்றை அவர் தினமும் விடியலில் சொல்லிக்கொண்டார். அழிக்க முடியாத ஓர் அழகு தம் சிதைந்த மனத்தை எட்டியது என்று அந்தச் சன்னல் வழியே வந்ததைப் பற்றிச் சொன்னார். அழகு என்றாரே தவிர, இதற்கும் மகிழ்ச்சி என்று பெயர் கொடுக்கவில்லை. பறவை அவருக்காகப் பாடவில்லை. அடி விழுகிறது என்பதால் அது நிற்கவும் இல்லை. அந்த அலட்சியத்திலும்கூட ஒரு பரிசு இருந்திருக்க வேண்டும்: வதைக்கிறவர்களின் கை எட்டாத ஏதோ ஒன்று அதே மதில்சுவருக்கு வெளியே தன் போக்கில் நடந்துகொண்டிருக்கிறது என்ற அறிவு. பிடரியில் கறுப்புப் பட்டை ஓடும் அந்த மஞ்சள் பறவை இன்றும் சிங்கப்பூர்ச் சாலை மரங்களில் விடியலில் கூவுகிறது.

மன்னிப்பைப் பற்றியும் அவர் எளிதாகப் பேசவில்லை. சிலுவையில் இயேசு சொன்ன மன்னிப்பு வேண்டுதலைச் சொல்ல முயன்றபோது, உண்மையாகவே மன்னித்துத்தான் சொல்கிறேனா, நாடகமாடுகிறேனா என்ற கேள்வி அவரைத் தடுத்தது. சுற்றி நின்று அடித்தவர்களின் முகங்கள் இறுகிக் கொடூரமாக இருந்தன. அதனால் அவர்களைச் சிறுபிள்ளைகளாக, தாய்தகப்பனோடும் கூடப் பிறந்தவர்களோடும் விளையாடித் திரிந்தவர்களாக நினைத்துப் பார்த்தார். குழந்தையை வெறுப்பது கடினம். அதுவும் போதவில்லை. பிறகு திருவிருந்துப் பாட்டு ஒன்றின் துணையோடு, அவர்கள் ஆகக்கூடியவர்களாக அவர்களைப் பார்க்க முயன்றார். இத்தனை படிகள் தேவைப்பட்டன. ஒவ்வொரு படியிலும் முந்தையது போதவில்லை என்ற ஒப்புதலும் இருந்தது. அவரை வதைத்தவர்களில் ஒருவர் பின்னாளில் கிறிஸ்தவராகி, வில்சனின் கையாலேயே திடப்படுத்தல் பெற்றார். இந்த முடிவை மட்டும் சொல்கிறவர்கள் நடுவிலிருந்த படிகளைத் தவிர்த்துவிடுகிறார்கள். 1946 மார்ச்சில் சிங்கப்பூரில் தொடங்கிய விசாரணையில் 21 பேர் குற்றம் சாட்டப்பட்டு எட்டுப் பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது என்பதையும் இதோடு சேர்த்தே நினைக்க வேண்டும். ஒரு கைதியின் மன்னிப்பு செத்துப்போன பதினைந்து பேரின் கணக்கைத் தீர்த்துவிடவில்லை.

மகிழ்ச்சி என்ற சொல் அந்தப் பேச்சில் வேறோர் இடத்தில் வருகிறது. எட்டு மாதங்களுக்குப் பிறகு கெம்பெய்த்தாயின் அறையிலிருந்து விடுபட்டு முதன்முதலாக வெயிலில் வந்து நின்ற கணத்தைப் பற்றிச் சொல்லும்போதுதான், அப்படியொரு மகிழ்ச்சியை அதற்குமுன் அறிந்ததில்லை என்கிறார். உயிர்த்தெழுதலின் முன்ருசிபோல அது இருந்தது என்கிறார். அப்போதும் அவர் சிறைக்கைதிதான். போர் முடிய இன்னும் ஓராண்டுக்கு மேல் இருந்தது. ஆனாலும் வதை நின்றிருந்தது, தோலில் வெயில் பட்டது. அதன் பிறகு, கிடைத்த நன்மையை மறந்துபோவது எவ்வளவு எளிது என்று உணர்ந்து, மகிழ்ச்சியை ஒரு பயிற்சியாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது என்றும் சொல்கிறார். வேதனையைத் தாங்குவதற்கு மட்டுமல்ல, அது ஓய்ந்தபின் மகிழ்வதற்கும் பயிற்சி தேவை என்பது பிரசங்கங்களில் அரிதாகவே கேட்கும் செய்தி. துன்பத்தில் மகிழ்ந்த மனிதர் என்று அவர் பெயரால் சொல்லப்படுவது, அவர் தமக்காகச் சொல்லிக்கொண்டதைவிடப் பெரிது. வதைக்குள் அவருக்குக் கிடைத்தது பலமும், அழகும், வெறுக்காமலிருக்கும் ஒரு கடினமான பார்வையும். மகிழ்ச்சியை அவர் வெயிலுக்கென்று வைத்திருந்தார்.

சாங்கியின் இன்னொரு சாட்சி சுவரில் இருக்கிறது. ஸ்டான்லி வாரன் பிரிட்டிஷ் பீரங்கிப் படையைச் சேர்ந்தவர், போருக்கு முன் வணிக ஓவியம் வரைந்தவர். போர்க்கைதியாக, வயிற்றுக்கடுப்பும் சிறுநீரகக் கோளாறுமாக ராபர்ட்ஸ் முகாமின் மருத்துவமனையில் கிடந்தார். அங்கே 151ஆம் கட்டடத்தின் தரைத்தளத்தில் புனித லூக்கா பெயரில் ஒரு சிற்றாலயம் அமைந்திருந்தது. குருமார் கேட்டுக்கொண்டதன் பேரில் 1942 ஆகஸ்ட் கடைசியிலிருந்து அதன் சுவர்களில் வரையத் தொடங்கினார். சிறிது நேரம் வரைவார், களைத்துப் படுப்பார், மறுபடி எழுவார். பழுப்பு மறைப்புச் சாயம், கொஞ்சம் வெள்ளை, பில்லியர்ட்ஸ் மேசைச் சுண்ணக் கட்டிகளைப் பொடித்த நீலம் என்று சக கைதிகள் திருடியும் தேடியும் கொண்டுவந்ததே வண்ணம். கிறிஸ்து பிறப்பின் ஓவியம் அந்த ஆண்டுக் கிறிஸ்துமஸுக்கு முடிந்தது. கடைசி விருந்து, சிலுவை மரணம், விண்ணேற்றம், சிறையில் லூக்கா என்று மொத்தம் ஐந்து. மன்னிப்பையும் சமாதானத்தையும் பற்றிய சொற்களைப் படங்களோடு சேர்த்து எழுதினார். பகைவர் கையில் பட்டினி கிடக்கும் ஆயிரக்கணக்கானோர் நடுவில் அது துணிச்சலான தேர்வு. பின்னர் ஓவியங்களின் மேல் சுண்ணாம்பு பூசப்பட்டது. 1958இல் தற்செயலாக மீண்டும் கண்டெடுக்கப்பட்டன. அடுத்த ஆண்டு ஓவியரைக் கண்டுபிடித்துச் சிங்கப்பூருக்கு அழைத்தபோது அவர் உடனே வரத் தயாராக இல்லை. அந்த நாட்களை மறப்பதற்கே அவர் பாடுபட்டிருந்தார். கடைசியில் 1963இலும், பின்னர் 1982, 1988 ஆண்டுகளிலும் வந்து தம் ஓவியங்களைச் செப்பனிட்டார். மூலச் சுவர்கள் இன்று சாங்கி விமானப்படைத் தளத்துக்குள் இருக்கின்றன. சாங்கி சிற்றாலய அருங்காட்சியகத்தில் அவற்றின் நகல்களைப் பார்த்துப் பலர் மனம் நெகிழ்கிறார்கள். பார்ப்பவருக்கு ஆறுதலாக இருப்பது வரைந்தவருக்கு ஆண்டுக்கணக்கில் திரும்பிப் பார்க்க முடியாத புண்ணாக இருந்தது. இரண்டும் ஒரே சுவரில் இருக்க முடியும் என்பதை ஏற்காமல் இந்தப் பொருளைப் பற்றி உண்மையாகப் பேச இயலாது.

எலிசபெத் சோய் வடபோர்னியோவில் பிறந்து சிங்கப்பூரில் ஆசிரியையாக இருந்தவர், ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்தவர். ஆக்கிரமிப்புக் காலத்தில் கணவரோடு மருத்துவமனைச் சிற்றுண்டிச்சாலை ஒன்றை நடத்திக்கொண்டே, சாங்கி கைதிகளுக்குப் பணமும் மருந்தும் செய்தியும் போய்ச்சேர உதவினார். 1943 நவம்பரில் பிடிபட்டு ஏறக்குறைய இருநூறு நாட்கள் அதே ஒய்எம்சிஏ கட்டடத்தில், ஆண் கைதிகள் நெருக்கியடித்திருந்த அறையில் ஒரே பெண்ணாக வைக்கப்பட்டார். கணவரின் கண் முன்னால் அவருக்கு மின்சாரம் பாய்ச்சினார்கள். போருக்குப் பிறகு, தம்மை வதைத்தவர்களின் தண்டனைக்காக அவர்களை அடையாளம் காட்ட மறுத்தார். மனிதர்களை அப்படி ஆக்கியது போர் என்பது அவர் நிலைப்பாடு. 1951இல் சட்டமன்ற உறுப்பினர், பிறகு பார்வையற்றோர் பள்ளியின் தலைமையாசிரியை என்று நீண்ட பொதுவாழ்வு அவருக்கு அமைந்தது. 2006இல் 95 வயதில் மறைந்தார். வதையை விவரிக்கும்போது அவர் அதை மெருகேற்றவில்லை. வலியை வலி என்றே சொன்னார். அவர் பிடிபட்டது கைதிகளுக்குக் கொடுத்த உதவிக்காக என்பதையும் மறக்கக்கூடாது. சிறைக்குள்ளிருந்தவர்களின் நம்பிக்கை பாதி நேரம் யாரோ ஒருவர் உயிரைப் பணயம் வைத்துக் கொண்டுவந்த ரொட்டியிலும் மருந்துக் குப்பியிலும்தான் உயிர்பிடித்திருந்தது. துன்பத்தில் மகிழ்ச்சி என்பதை ஒரு தனி ஆத்துமாவின் சாதனையாகப் பேசும் பழக்கத்தில் இந்தக் கைகள் காணாமல் போய்விடுகின்றன.

வில்சன் ஒய்எம்சிஏ அறைக்குப் போன அதே 1943 அக்டோபரில் சயாமையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் ரயில் பாதை முடிந்தது. நேச நாட்டுப் போர்க்கைதிகள் ஏறக்குறைய அறுபதாயிரம் பேர் அதில் வேலை செய்து பன்னிரண்டாயிரத்துக்கு மேல் மாண்டார்கள். ஆசியத் தொழிலாளர்கள் அவர்களைவிடப் பல மடங்கு. அவர்களில் மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆசை காட்டியும் மடக்கியும் கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் பதினாயிரக்கணக்கில் இருந்தார்கள். வாந்திபேதியிலும் பட்டினியிலும் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். போர்க்கைதிகளுக்குக் காஞ்சனாபுரியில் பெயர் பொறித்த கல்லறை வரிசைகள் உண்டு. தமிழ்த் தொழிலாளிக்கு அப்படிப் பெயர் பொறித்த கல்லறை இல்லை. அவர்களின் கதை மலேசியத் தமிழில் ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ போன்ற எழுத்துகளிலும், பிழைத்து வந்த சிலரின் வாய்மொழியிலுமே பெரும்பாலும் தங்கியிருக்கிறது. தோட்டங்களில் கத்தோலிக்கரும் மெதடிஸ்டுகளும் இருந்தார்கள்; ஆள் பிடித்தவர்கள் மதம் பார்த்துப் பிடிக்கவில்லை. அங்கே மூங்கில் கொட்டகையில், ஈ மொய்க்க, ஜெபம் சொன்னபடியோ சொல்ல முடியாமலோ செத்தவர்களுக்கு மாங்குயில் கேட்டதா, எந்த அழகாவது எட்டியதா என்பதற்குச் சாட்சி இல்லை. பேராயருக்கு வானொலி கிடைத்தது, ஓவியருக்குச் சுவர் கிடைத்தது. துன்பத்தில் மகிழ்ச்சி பற்றிய எல்லாப் பேச்சும் பிழைத்து வந்தவர்களின் பேச்சு. அதிலும், கேட்பதற்கு ஆள் கிடைத்தவர்களின் பேச்சு. கிடைத்த சாட்சிகளின் மதிப்பு இதனால் குறைவதில்லை. அவற்றிலிருந்து ஒரு பொது விதியை எடுக்கும் உரிமைதான் குறைகிறது.

வில்சன் சிறைக்குள் போனபின் வெளியில் ஆங்கிலிக்கன் சபையின் பாரம் உள்ளூர்க் குருமார் தோளில் விழுந்தது. அவர்களுள் முன்னின்றவர் டி. டி. செல்லையா என்ற தமிழர். அரிசி இல்லாத, மருந்து இல்லாத, அடுத்த வீட்டுக்காரன் யாரிடம் என்ன சொல்வான் என்று தெரியாத ஒரு நகரத்தில் ஞாயிறுதோறும் ஆராதனை நடத்துவதும், அடக்கம் செய்வதும், வீடு வீடாகப் போவதும் சிறைச் சாட்சிகளைப்போல யாரும் மேற்கோள் காட்டும் விஷயம் ஆவதில்லை. ஆனால் பெரும்பாலான விசுவாசிகள் அறிந்த துன்பம் அந்த வகைதான்: உச்சம் இல்லாதது, விடியாமல் நீள்வது, சொல்லிக்காட்ட ஒரு கதை இல்லாதது.

இன்றைய சிங்கப்பூரில் அத்தகைய துன்பத்துக்குக் குறைவில்லை. 2020 ஏப்ரலில் கொரோனா தொழிலாளர் விடுதிகளுக்குள் பரவியபோது சுமார் 3,23,000 பேர் அந்த விடுதிகளில் இருந்தார்கள். ஆண்டு முடிவதற்குள் அவர்களில் 47 விழுக்காட்டினருக்குத் தொற்று வந்து போயிருந்ததாக அரசு அறிவித்தது. அந்த ஆண்டு புனித வெள்ளி ஏப்ரல் 10, உயிர்ப்பு ஞாயிறு ஏப்ரல் 12. ஆலயங்கள் மூடியிருந்தன. ஞாயிறுதோறும் தேக்காவுக்கு வந்து ஊர்க்காரர்களைப் பார்த்து, பணம் அனுப்பி, ஆராதனைக்கும் போய்வந்த தமிழ்நாட்டுத் தொழிலாளிக்கு அடுக்குக் கட்டிலும் கைபேசித் திரையுமே மிச்சம். ஊரில் வட்டி ஏறிக்கொண்டிருக்கும் கடன், வேலை நிலைக்குமா என்ற பயம், பக்கத்துக் கட்டிலில் இருமல். அவரிடம் போய் மகிழ்ச்சியைப் பற்றிப் பேசுவதற்கு முன் சம்பளம், மருந்து, ஏஜெண்டுக்குக் கொடுத்த பணம் ஆகியவை பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. சரிசெய்யக்கூடிய ஒரு கஷ்டத்தைச் சிலுவை என்று பெயரிட்டுச் சுமக்கச் சொல்வது, அந்தக் கஷ்டத்தை உண்டாக்கியவர்களுக்குச் செய்யும் சேவையாகிவிடும்.

தமிழ்ச் சபைகளில் சாட்சி சொல்லும் வேளைக்கு ஒரு வடிவம் உருவாகியிருக்கிறது. நோய் வந்தது, ஜெபித்தோம், சுகம் கிடைத்தது. வேலை போனது, உபவாசம் இருந்தோம், அதைவிட நல்ல வேலை வந்தது. கேட்பவர்களுக்கு அது பலம் கொடுப்பதுண்டு என்பதை மறுக்க வேண்டியதில்லை. தாம்சன் சாலையின் புனித அல்போன்ஸ் ஆலயத்திலோ, 1951இல் தொடங்கிய சனிக்கிழமை நவநாள் வழிபாட்டில் நன்றிக் கடிதங்களோடு விண்ணப்பக் கடிதங்களும் வாசிக்கப்படுகின்றன. மகனின் போதைப் பழக்கம், பிரிந்துபோன கணவர், தேர்வு, புற்றுநோய் என்று பெயர் தெரியாத யாரோ ஒருவரின் கஷ்டம் முடிவு தெரியாத நிலையிலேயே சபை நடுவில் சத்தமாகக் கேட்கிறது. அது நல்ல வழக்கம். கேட்டும் கிடைக்காதவர்கள், இனிக் கிடைக்கப்போவதும் இல்லாதவர்கள் எழுதக்கூடிய மூன்றாவது வகைக் கடிதம் ஒன்று உண்டு. அதற்கு எந்தச் சபையிலும் எளிதில் இடம் கிடைப்பதில்லை.

வேதாகமத்தில் அதற்கு இடம் இருக்கிறது. சங்கீதப் புத்தகத்தின் நூற்றைம்பது பாட்டுகளில் முறையீட்டுப் பாட்டுகளே அதிகம். அவற்றில் பெரும்பாலானவை புலம்பித் தொடங்கி, நடுவில் எங்கோ திரும்பி, துதியில் முடிகின்றன. எண்பத்தெட்டாம் சங்கீதமோ திரும்புவதே இல்லை. சிறுவயது முதல் துன்பப்பட்ட ஒருவர், இரவும் பகலும் கூப்பிட்டும் பதில் பெறாதவர், நண்பர்களும் விலகிப்போக, இருளிலேயே பேச்சை நிறுத்திவிடுகிறார். ஆனாலும் அவர் பேசியது முழுக்கக் கடவுளிடம்தான். சபை அதைத் தள்ளிவிடவில்லை. ஆங்கிலிக்கன் பொதுப் பிரார்த்தனைப் புத்தகம் அதைப் புனித வெள்ளி மாலைக்கென்று குறித்திருக்கிறது. கத்தோலிக்கத் திருப்புகழ்மாலையில் வெள்ளிதோறும் இரவுச் செபத்துக்கு உரியது இந்தச் சங்கீதமே. உறங்கப்போகும் வேளையில் அதைச் சொல்கிறவர் அன்றைக்கு நன்றாகவே இருக்கலாம். அப்போது அவர் அதைச் சொல்வது, தன் வாயால் சொல்ல முடியாமல் அந்த இரவில் எங்கோ கிடக்கும் இன்னொருவருக்காக.